ஏழாம் நாள் ஊசியைப் போட்டது யார்

மேடையில் அமர்ந்திருக்கும் பால் சங்கத் தலைவர் அவர்களே, கால்நடைத் துறை அதிகாரிகளே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, அவர் மகளே, மாடுகளைக் கட்டிவிட்டு அவசரமாக ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் நான்கு பேர் டாக்டரம்மாவைப் பற்றிப் பேசினார்கள். தன்னலமற்ற சேவை என்றார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். ரொம்ப நல்லது. அந்தச் சேவையை மூன்று வருஷம் மருந்துக் கிடங்கில் உட்கார வைத்து, புட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்க்க வைத்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லையே, ஏன்? நான் கால்நடை ஆய்வாளர். பத்தொன்பது வருஷம் அவருக்குப் பின்னால் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன். நான் சொல்கிறேன்.

கன்று போட்டு நான்கு மாதமாகியும் பருவத்துக்கு வராத மாடு வீட்டில் நின்றால் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். பால் வற்றிக்கொண்டே வரும், தீனி மட்டும் குறையாது. அந்த மாடுகளுக்காக டாக்டரம்மா ஹார்மோன் ஊசி முறையைக் கொண்டுவந்தார். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று, மறுநாள் சினை ஊசி. கசாப்புக்குப் போக இருந்த எத்தனை மாடுகள் மறுபடியும் கன்று போட்டன. உங்கள் வீட்டில் இல்லையா? உங்கள் வீட்டில் இல்லையா?

ஆனால் அந்த ஏழாம் நாள் ஊசி பொல்லாதது. சினையில்லாத மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும். சினை மாட்டுக்குப் போட்டால் கருவைக் கலைத்துவிடும். அதனால் முதல் நாள் சோதித்த மாட்டை ஏழாம் நாளும் தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுச் சோதிப்பார். நாம் சிரித்தோம். ‘ஏழாம் நாள் அம்மா’ என்று பட்டப்பெயர் வைத்தோம். “போன வாரம்தான் பாத்தீங்களே, அதுக்குள்ள வயித்துல என்ன வந்துடப் போகுது?” என்று கேட்டவரிடம், “போன வாரம் வந்த மாடுதானா இதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு என் கை சொல்லணும்” என்றார்.

நம் லட்சணம் அவருக்குத் தெரியும். முதல் நாள் கொண்டுவந்த மாடு நடுவில் விற்றுப்போகும், இல்லாவிட்டால் தானே பருவத்துக்கு வந்துவிடும். பெயர் கொடுத்தாயிற்று, ஊசியை விடுவானேன் என்று வேறொரு மாட்டை இழுத்து வந்து அந்த இடத்தில் நிறுத்துவோம். வாயைத் திறக்க மாட்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் நடத்திய கடைசி ஊசி முகாமில் அறுபத்திரண்டு மாடுகள். ஏழாம் நாள் காலையில் அவரைத் தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். “மத்தியானம் வந்துடுவேன். அதுவரைக்கும் ஒரு மாட்டையும் தொடாதீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு நம் சங்கத் தலைவர் வந்தார், படமெடுக்கும் ஆட்களோடு. “என்னய்யா, ஊசி போட உனக்குத் தெரியாதா? கைகாலெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்றார். வரிசையில் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். நான் போட்டேன். ஒரு மாட்டையும் சோதிக்காமல், அறுபத்திரண்டுக்கும் போட்டேன்.

ஒரு வாரத்துக்குள் மூன்று மாடுகள் கரு கலைந்து கன்று வீசின. மூன்றும் மாற்றிக் கொண்டுவந்தவை. மேய்ச்சலில் காளை சேர்ந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அதில் ஒன்று தையல்கார அக்காவின் ஒரே மாடு. “கிடாரிக் கன்னு டாக்டரம்மா, காலெல்லாம் வந்திருந்துச்சு” என்று அவர் அழுததை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

விசாரணையில், ஊசி போட்டது யார் என்று கேட்டார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது பதவி உயர்வு வருவதாக இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். “என் முகாம், என் பொறுப்பு” என்றார் அவர். எழுதிக்கொண்டு அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். எடுத்த படங்கள் காணாமல் போயின. அதற்குப் பிறகு, கன்று கலைத்த டாக்டர் என்று அவர் காதுபடவே கடைத்தெருவில் பேசியவர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நேற்று அவர் மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். “ஏம்மா உண்மையைச் சொல்லலன்னு கேட்டேன் மாமா. அவர் பக்கத்துலதான் நின்னாரு, அவரே சொல்லட்டும்னு பாத்தேன்னு அம்மா சொன்னாங்க.” மூன்று வருஷம் பார்த்திருக்கிறார்.

இன்று காலை விசாரணை அதிகாரியிடம் என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். தலைவர் அவர்களே, போடச் சொன்னது யார் என்றும் எழுதியிருக்கிறேன். எழுந்திருக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன். இனி நான் வேலையில் இருப்பேனோ மாட்டேனோ தெரியாது. இருக்கும் வரை, என் கை சோதிக்காத எந்த மாட்டுக்கும் ஏழாம் நாள் ஊசி போட மாட்டேன், யார் வந்து நின்றாலும் சரி. டாக்டரம்மாவுக்கு இது என் வாக்கு.

அவர் என்னிடம் எதிர்பார்த்தது இவ்வளவு பெரிய வாக்கு ஒன்றும் இல்லை. ‘நான் போட்டேன்’ என்ற இரண்டு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அதற்கு அவர் சாகவும் வேண்டியிருந்தது.