பன்னெண்டு சீட்டுல ஒண்ணு

அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரைமணி நேரம் ஆச்சுன்னு எனக்கும் தெரியுதுண்ணே, தெரியாம இல்ல. ஆனா இந்தப் பனியில வண்டியை எடுத்துக்கிட்டு எங்க போகச் சொல்றீங்க? அந்தப் பக்கம் நிறுத்தினா, பொண்ணு இன்டர்வியூ முடிஞ்சு வெளிய வந்ததும் கண்ணுல படாது. படலேன்னா பதறிப் போயிடும். ஏற்கெனவே காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல அது. செக்யூரிட்டி சட்டையில வெண்டெல்னு போட்டிருக்கே, உங்க பேர்தானே? நல்ல பேரு. அந்தப் பேர் உள்ளவங்க யாரையும் விரட்டி நான் பாத்ததில்ல. இந்தாங்க, இதைப் பிடிங்க. மாவுக்குள்ள மாட்டுக்கறி வச்சுப் பொரிச்சது, எங்க ஊர்ல பஸ்தெலித்தோன்னு சொல்லுவோம். லஞ்சம் இல்லண்ணே, சாப்பாடு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

ஆ, சிரிச்சுட்டீங்க. அப்ப வண்டி இங்கயே நிக்கலாம்.

என் பொண்ணா? சேச்சே, நான் டிரைவர். எலிஹியோன்னு பேரு. பிராங்க்ஸ்லேர்ந்து வரோம். மூணரை மணி நேரம், வழியெல்லாம் பனி. பஸ்ஸு எல்லாத்தையும் நேத்து சாயங்காலமே நிறுத்திட்டான். அம்மாக்காரி நெரெய்தா, ஒரு படுத்த படுக்கையான கிழவிக்குத் துணையா வேலை பாக்குது. மாத்தி விட ஆள் கிடைக்கல. அதான் என்னைக் கூப்பிட்டாங்க. வேற வழியில்லாம கூப்பிட்டாங்கன்னு வச்சுக்குங்களேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க, சூட்டையா? ஏன், டிரைவர் சூட் போடக் கூடாதுன்னு இந்த ஊர்ல சட்டம் இருக்கா? ஒரு பெரிய எடத்துக்கு வரோம், நாலு டாக்டர் நடமாடற எடம், அழுக்கு ஜாக்கெட்டோட வந்து நிக்க முடியுமா? ஷூவும் புதுசுதான். பனியில நாசமாப் போச்சு, அது வேற விஷயம்.

பதினஞ்சு வருஷமா இந்தக் கேட்டுல நிக்கறேங்கறீங்க, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதா? நல்லா இருக்கே கதை! நான் சொல்றேன் கேளுங்க. ஊர்ல மத்த பிள்ளைங்க எப்படி டாக்டர் ஆகுது? முதல்ல நாலு வருஷம் காலேஜு. அப்புறம் மண்டை காயற மாதிரி ஒரு பரிட்சை. அதுக்கப்புறம் ஒவ்வொரு மெடிக்கல் காலேஜா படியேறி, ஐயா சாமி என்னைச் சேத்துக்குங்கன்னு கெஞ்சணும். இந்தக் காலேஜுல அப்படி இல்ல. பதினேழு வயசுல ஒரே கடுதாசி. காலேஜும் உனக்கு, மெடிக்கல் காலேஜும் உனக்கு. எட்டு வருஷம் ஒழுங்காப் படிச்சா, போனவ டாக்டராத்தான் வெளிய வருவா. நடுவுல யார் கால்லயும் விழ வேண்டாம். ஆனா சீட்டு எத்தனைங்கறீங்க? பன்னெண்டு. ஆயிரத்துக்கு மேல மனு வந்துச்சாம். நேர்ல வான்னு கூப்பிட்டது நாப்பது பேரை. அந்த நாப்பதுல எங்க யோகாஸ்தாவும் ஒண்ணு.

எங்க யோகாஸ்தான்னுதான் சொன்னேன். எங்க தெருப் பொண்ணுண்ணே. தெருவுல ஒண்ணு டாக்டர் ஆனா தெருவுக்கே பெருமை இல்லையா?

ஒம்போது காலேஜுக்கு எழுதிப் போட்டுச்சு. எட்டு இடத்துல கைவிரிச்சுட்டான். மெயிலைத் திறந்து பாக்கும், மூடும், போய்ப் பாத்திரம் தேய்க்கும். அவ்வளவுதான், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எட்டாவது வந்த அன்னிக்கு, வீட்டுல இருந்த எல்லாப் பாத்திரத்தையும் தேய்ச்சுட்டு, அடுத்த வீட்டுக்காரி பாத்திரத்தையும் வாங்கித் தேய்ச்சுதாம். இது ஒம்போதாவது, கடைசி. இதுவும் இல்லேன்னா படிப்பை விட்டுட்டு அம்மா கூடவே வேலைக்குப் போயிடறேன்னு சொல்லிடுச்சு. சொன்னா செய்யும். அழுத்தக்காரி. யாரைக் கொண்டு பொறந்துச்சோ தெரியல. அம்மாவைக் கொண்டுதான், வேற யாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? மூணரை மணி நேரம் வண்டியில என்னண்ணே பண்றது? பின்சீட்டுலதான் உக்காந்துச்சு. முன்சீட்டுல ஃபைலு, பை, கோட்டு. சரி, பயிற்சி பண்ணிக்கலாமான்னேன். உள்ள டாக்டருங்க கேப்பாங்களே, அந்த மாதிரி நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. முதல்ல ம்ஹூம்னுச்சு. அப்புறம் போரடிச்சுதோ என்னமோ, சரின்னுச்சு. நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, யோகாஸ்தா அவர்களே, உங்களுக்கு மனுஷங்களைப் பிடிக்குமான்னு கேட்டேன். கண்ணாடியில என்னைப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை. சிலரைன்னுச்சு. அடி ஆத்தி! பதில் நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்ள போய் இப்படிச் சொல்லிடாதேன்னேன். சிரிப்பு வந்துடுச்சு அதுக்கு. உதட்டைக் கடிச்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு, ஆனா வந்துச்சு. நான் பாத்துட்டேன்.

சாப்பிடுங்கண்ணே, இன்னும் நாலு இருக்கு. அதுக்காகத்தான் பொரிச்சது, அது தொடல.

உள்ள வந்திருக்கற மத்த பிள்ளைங்களைப் பாத்தீங்களா? ஒரு பையன், அப்பா டாக்டர், அம்மா டாக்டர், அக்கா டாக்டர். வீட்டு நாய்க்கும் ஸ்டெதாஸ்கோப் வச்சுப் பாக்கத் தெரியும் போல. இன்னொண்ணு, நோயாளிங்களுக்கு வயலின் வாசிச்சுக் காட்டுமாம். ஏற்கெனவே வலியில கிடக்கறவங்களுக்கு இது வேறயா! நம்மது அதெல்லாம் கிடையாது. எங்க ஏரியா கிளினிக்ல முந்நூறு மணி நேரம் நின்னிருக்கு. டாக்டர் இங்கிலீஷ்ல சொல்றதை நம்ம ஊர்க் கிழவிங்களுக்கு ஸ்பானிஷ்ல சொல்லணும். டாக்டர் பாட்டுக்கு உப்பைக் குறைங்கன்னுட்டுப் போயிடுவார். இது என்ன பண்ணும், கிழவிகிட்ட உக்காந்து, நீ பீன்ஸ்ல என்ன போடறே, எத்தனை கரண்டி போடறே, கடையில விக்கற அந்த உப்பு மசாலாக் கட்டியைப் போடாம ஆக்கிப் பாருன்னு அடுப்பங்கரை வரைக்கும் போய் நிக்கும். அதுனால கிழவிங்கள்லாம், டாக்டர் இருக்காரான்னு கேக்கறதில்ல, அந்தப் பொண்ணு வந்திருக்கான்னுதான் கேக்குதுங்களாம். எனக்குக் கிளினிக்ல ஒருத்தி சொன்னா.

கட்டுரைன்னு ஒண்ணு எழுதணும்ணே. அதுல இருக்கு சூட்சுமம். நான் ஏன் டாக்டர் ஆகணும்னு எழுதணும். எல்லாப் பிள்ளைங்க வீட்டுலயும் யாராவது செத்திருக்கணும் அதுக்கு. தாத்தாவுக்குக் கேன்சர், அத்தைக்குக் கிட்னி, இப்படி. ஆள் சாகாத வீட்டுப் பிள்ளைங்க பாவம், என்னத்தை எழுதும்?

இதுக்கா? இதுக்கு அப்பா செத்துட்டாருண்ணே. பதினொரு வயசுல.

பரவாயில்ல விடுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும். நீங்க கேட்டதுல தப்பு இல்ல.

படிச்சேன். ஆமா, கட்டுரையைத்தான். பெட்ரோல் போட நிறுத்தினேன், அது பாத்ரூம் போச்சு. ஃபைலு முன்சீட்டுலதானே கிடக்கு. நாம என்ன சன்னியாசியா, திறந்து பாத்துட்டேன். என்னமா எழுதியிருக்குங்கறீங்க! செவ்வாக்கிழமை காலை. அப்பன்காரன் சலாமி கறித்துண்டு வறுத்துக்கிட்டு இருக்கான். எண்ணெய் சத்தம். இது ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்குது. அந்தாளு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சுட்டான். கையை எங்க வச்சு அழுத்தணும்னு எனக்குத் தெரியலேன்னு எழுதியிருக்கு. முதல்ல நான் போய் அடுப்பை அணைச்சேன், அந்தச் சின்ன வேலைதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலைன்னு எழுதியிருக்கு. இனிமே ஒரு ஆள் என் கண்ணு முன்னாடி போகும்போது அடுப்பை மட்டும் அணைக்கிறவளா நான் நிக்க மாட்டேன்னு முடிச்சிருக்கு.

பம்புக்குப் பக்கத்துலயே நின்னு அழுதுட்டேண்ணே. சூட்டும் கோட்டுமா. அது வந்து என்ன ஆச்சுன்னு கேட்டுச்சு. பனி கண்ணுல விழுந்துடுச்சுன்னேன். வேத்து ஆளு, எனக்கே அப்படின்னா பாத்துக்குங்க.

அடுப்பை அணைச்சது நெசமாத்தான் இருக்கும். அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு அன்னிக்கு. இல்ல இல்ல, எழுதியிருக்கே, அதை வச்சுச் சொல்றேன்.

அந்த அப்பன் எப்படிப்பட்ட ஆளா? தெரியும், நல்லாவே தெரியும். ஜாலியான ஆளுண்ணே. டொமினோ கட்டை ஆட உக்காந்தா எழுந்திரிக்க மாட்டான். வாய் இருக்கே, ஒரு சமுத்திரம். வீட்டுக்குப் பிரயோசனம்னு பாத்தா கொஞ்சம் கம்மிதான். கட்டுரையில ரொம்ப உசத்தி எழுதிட்டா. சனிக்கிழமை சனிக்கிழமை மியூசியம் கூட்டிட்டுப் போவானாம், திமிங்கலம் காட்டுவானாம், கணக்குச் சொல்லித் தருவானாம். எங்க தந்தான்? ஒரு வாட்டி திமிங்கலம் பாக்கப் போலாம்னு சொன்னான், அன்னிக்கும் டொமினோ வந்துடுச்சு. ஊர் சொல்லக் கேள்வி. ஆனா செத்தவனைப் பத்தித் தப்பா எழுத முடியுமா? நல்லது. எழுதினா எழுதிட்டுப் போறா. அவனுக்கு அதுக்கு மேல ஒரு மரியாதை எவன் குடுப்பான்?

உள்ள சாப்பாடா? தெரியும், குடும்பத்துக்கெல்லாம் மத்தியானம் விருந்து வச்சிருக்காங்க. வாசனை இங்க வரைக்கும் வருது. நான் போகலண்ணே. அங்க நுழைஞ்சதும் ஒரு ஒட்டுத்தாள் குடுக்கறான். பேரை எழுதி, இன்னாருக்கு இன்ன உறவுன்னு போட்டு, நெஞ்சுல ஒட்டிக்கணும். நான் என்னன்னு எழுதட்டும்? வண்டியிலேர்ந்து இறங்கும்போதே பொண்ணு கறாராச் சொல்லிடுச்சு. யார் கேட்டாலும் நீ டிரைவர். உள்ள வராதே. சரிம்மா, டிரைவர்னா டிரைவர்னுட்டேன். எனக்கு என்ன குறைச்சல்? இங்க உங்களை மாதிரி ஒரு மனுஷன், ஹீட்டர், பஸ்தெலித்தோ.

அதுவும் இல்லாம ரொம்பக் கறாரான எடம்ணே இது. எழுதினது எல்லாம் சத்தியம்னு கையெழுத்து வாங்கியிருக்கான். ஒரு பொய் தெரிஞ்சாலும் சீட்டு போச்சு. எட்டாவது வருஷம் தெரிஞ்சாலும் போச்சு. போன வருஷம் ஒருத்தன், செய்யாத சேவையைச் செஞ்சேன்னு எழுதி மாட்டிக்கிட்டானாம். அதை நினைச்சா எனக்கு ஒரு எடத்துல நிக்க முடியல. நானா? எனக்கு எதுக்குப் பயம், எனக்கு ஒண்ணும் இல்ல. குளிரு.

மணி என்ன ஆச்சு? ரெண்டு டாக்டருங்க ஆளுக்கு அரைமணி நேரம்னாங்க. இப்ப ரெண்டாவது ஆளா இருக்கும். இருதய டாக்டராம், ஒரு அம்மா. ரொம்பத் துருவுவாங்களாம். அப்பா இறந்தப்ப என்ன மாத்திரையில இருந்தாரு, ஈசிஜி எடுத்தாங்களா, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா இது என்ன சொல்லும்? கேக்க மாட்டாங்க இல்ல? துக்கத்தை யாராவது குடைவாங்களா? நீங்க டாக்டருங்களைப் பாத்துப் பழகினவரு, சொல்லுங்க. ஏன் தலையை ஆட்டறீங்க, ஆமான்னு ஆட்டறீங்களா இல்லேன்னு ஆட்டறீங்களா?

இருங்க இருங்க. கதவு திறக்குது. அதேதான், நீலக் கோட்டு. வந்துடுச்சு. கூட யாரு அது, வெள்ளைக் கோட்டு? அந்த அம்மாவா? எதுக்கு வெளிய வராங்க இந்தப் பனியில? இங்கதான் பாக்கறாங்க. கையை நீட்டி என்னமோ காட்டுது பொண்ணு. என்னையா காட்டுது? அண்ணே, நான் டிரைவர், நினைவிருக்கட்டும். கேட்டா பிராங்க்ஸ்லேர்ந்து வந்த வாடகை வண்டின்னு சொல்லுங்க. டை நேரா இருக்கா?

என்ன கூப்பிட்டுச்சு இப்ப?

உங்க காதுலயும் அப்படித்தான் விழுந்துச்சா? அப்பான்னா? இன்னொரு வாட்டி கூப்பிடுது பாருங்க. அந்த அம்மா பக்கத்துலயே நிக்கறாங்க, அவங்களுக்குக் கேக்கற மாதிரியே கூப்பிடுது.

செத்துட்டான்னு சொன்னேன்தான். சாகலண்ணே. பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க சொந்த ஊரு சாந்தோ தொமிங்கோவுக்கு ஓடிப் போனான். நான்தான். வேற ஒருத்திக்காக. ஆறு வருஷம். போன ஜூன்லதான் திரும்பி வந்தேன். அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ஏய்னு கூட அவ என்னைக் கூப்பிட்டதில்ல. ஓடிப் போனவனை வச்சு எவன் சீட்டு குடுப்பான்? அதான் கட்டுரையில என்னைக் கொன்னுட்டா. கரெக்ட்டாத்தானே செஞ்சா, அப்படியே விட்டிருக்கலாம் இல்ல? உள்ள எல்லாத்தையும் கொட்டிட்டா போல இருக்கு, பைத்தியம். ஒம்போதாவதுண்ணே, கடைசி. அந்த அம்மா சிரிக்கறாங்களா, முறைக்கறாங்களா? எனக்குக் கண்ணு தெரியல, நீங்க பாத்துச் சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க, அங்க போயே பாத்துக்கறேன். மூணாவது வாட்டியும் கூப்பிடறா. வரேம்மா! இதோ வந்துட்டேன், அப்பா வரேன்!