பணம் திரும்பாத டிக்கெட்டு

அடுத்த மாசம்லாம் வேணாம் தம்பி. பாதி வெலைக்குக் கெடைச்சாலும் வேணாம். வர்ற புதன்கிழம போகணும், வெள்ளிக்கிழம சாயங்காலம் திரும்பணும். ரெண்டு பேரு, நானும் வீட்டுக்காரரும். இந்த விளம்பரத் தாளெல்லாம் அந்தப் பக்கம் வெச்சுடு. கண்ணாடிப் பாலம், ஜூ, படகு சவாரி ஒண்ணும் வேணாம். அவ்ளோ பெரிய ஊருக்குப் போயிட்டு எதுவும் பாக்காம வருவீங்களான்னு கேக்குறியா? ஆமா, வருவோம்.

அவருதான், வாசல்ல நிக்கிறாரே, அந்தச் சாம்பக் கலர் சட்ட. தூறுதா? எனக்கும் கண்ணு தெரியுது. உள்ள கூப்பிடாத, நான்தான் அங்கயே நிக்கச் சொன்னேன். நனைஞ்சா காஞ்சுடும். முப்பது வருஷமா நான் சொல்றதக் காதுலயே போட்டுக்காத மனுஷன், இன்னிக்கு மறுபேச்சு இல்லாம நிக்கிறாரு பாரு.

முன்னாடி இங்க கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, எங்க? வேற வேலைக்குப் போயிடுச்சா. சரி, எங்கயோ நல்லா இருக்கட்டும். இந்தா, அது போட்டுக் குடுத்த டிக்கெட்டு. ரெண்டு வருஷம் ஆச்சு, மடிப்புல கிழிஞ்சிருக்கு, பாத்துப் பிரி. இதே மாதிரி போட்டுக் குடு. இதே காலை ஃப்ளைட்டு, இதே சீட்டு. முப்பத்தொண்ணாவது வரிச. பாத்ரூம் பக்கம்னு தெரியும் தம்பி. முன்னாடி நல்ல எடம் அதே வெலைக்கு இருக்கா? இருக்கட்டும். அதுல சின்னஞ்சிறுசுங்க யாராச்சும் போகட்டும்.

ரூமும் அதேதான். ஸ்டேஷனுக்குப் பின்னாடிச் சந்து, பேக்கரிக்கு மாடி, ஜன்னல் இல்லாத ரூமு. மூச்சு முட்டும்னு எழுதியிருக்காங்களா? யாரு, தங்கினவங்களா? எழுதட்டும். எங்களுக்குத் தெரியாது, நாங்க தங்கல. ஆமா தம்பி, போன தடவ நாங்க போகவே இல்ல. டிக்கெட்டு எடுத்ததோட சரி. அவ்ளோவும் வீணாப் போச்சு.

இரு இரு, நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். கொஞ்சம் கூடப் போட்டா தேதி மாத்திக்கலாம், போகலன்னா பணம் திரும்பி வரும். அந்தப் பொண்ணும் படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. பாரு, செவப்புப் பேனாவுல கோடே போட்டிருக்கு. அன்னிக்கு என்கிட்ட கூடப் போட வழியில்ல. இன்னிக்கு இருக்கு, இருந்தாலும் வேணாம். காசோட அருமை தெரியாதவ இல்ல நான். சலவைக் கடையில நின்னுக்கிட்டே இஸ்திரி போடுறேன், ஊரான் சட்டையெல்லாம் மடிச்சு மடிச்சே என் முதுகு மடிஞ்சு போச்சு. எனக்குப் பணம் திரும்பாத டிக்கெட்டுதான் வேணும்.

பெட்டியா? பெரிய பெட்டி எதுவும் இல்ல. கையில ஒரே ஒரு பை. எங்க மாத்துத் துணி, அப்புறம் ஒரு சட்ட, ஒரு பேன்ட்டு. அத மட்டும் தனியா மடியில வெச்சுக்க விடுவாங்களா? கசங்கக் கூடாது, அதான். நீலக் கலர், முழுக்கை. பையனுக்கு. எட்டு வருஷமா அங்கதான் இருக்கான். போட்டோ எடுக்குறாங்களாம், நல்ல துணி கொண்டு வாங்கன்னு லெட்டர் போட்டிருக்காங்க. நேர்ல பாத்து ஏழு வருஷம் ஆகுது. எளைச்சிருப்பான்னு ஒரு அளவு கொறச்சே எடுத்தேன். காலர் தொளதொளன்னு நின்னா போட்டோவுல அசிங்கமா இருக்கும்ல.

கல்யாணம் இல்ல தம்பி. நல்ல வாய் உனக்கு, நல்லா இரு.

சனி ஞாயிறும் பையனோட இருந்துட்டு வரலாமேன்னு சொல்ற. நியாயம்தான். ஆனா வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவன் இருக்க மாட்டான். வேற ஊருக்குப் போகல. வெள்ளிக்கிழம காலையில ஆறு மணிக்கு அவனத் தூக்குல போடுறாங்க.

நீ ஏன் எந்திரிக்கிற, உக்காரு. தண்ணிலாம் வேணாம்.

வேலைக்குன்னுதான் போனான். கூட வேலை பாத்தவன் ஒரு பையக் குடுத்து, கொண்டு வான்னு சொல்லியிருக்கான். உள்ள போதைப் பவுடர் இருந்துச்சு. தெரியாம எடுத்துட்டுப் போனேன்னு சொல்றான். தெரிஞ்சே எடுத்தானோ என்னமோ, உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சு செஞ்சிருந்தாலும் அவன் எனக்குப் புள்ளதான்.

போன தடவயும் இப்படித்தான் ஒரு வாரத்துக்கு முன்னாடி ஜெயில்லேருந்து லெட்டர் வந்துச்சு, கடைசியா போட்டோ எடுக்க நல்ல துணி கொண்டு வாங்கன்னு. இங்க வந்தேன், இதே நாற்காலியில உக்காந்தேன். அவரு உள்ள வரமாட்டேன்னு அங்கயே வாசல்ல நின்னாரு. கம்மல வித்து இந்த டிக்கெட்ட எடுத்தோம். பையக் கட்டி வெச்சாச்சு. செவ்வாக்கிழம சாயங்காலம் வக்கீல் போன் பண்றாரு, நிறுத்திட்டாங்கம்மா, வரவேணாம்னு. டிக்கெட்டுக் காசு போச்சு, ரூமுக் காசும் போச்சு. அவன் பொறந்தப்பகூட நான் அவ்ளோ சந்தோஷப்படல தம்பி. இந்தக் காகிதத்தக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு அழுதோம்.

இந்தத் தடவ வக்கீல் கைய விரிச்சுட்டாரு. இனிமே மனு போட எடமே இல்லையாம். எல்லாப் பக்கமும் அடைச்சாச்சு. எனக்கு மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான். பைத்தியக்காரின்னு நெனைச்சா நெனைச்சுக்கோ. பணம் திரும்பி வர்ற டிக்கெட்ட எடுத்தா இந்தத் தடவ நெசமாவே போக வேண்டியதாயிடும்னு மனசு அடிச்சுக்குது. போன தடவ எதெது எப்படி இருந்துச்சோ, அதது அப்படியே இருக்கணும். அதான் மழையிலயும் அவர அங்க நிக்க வெச்சிருக்கேன்.

திரும்பி வரும்போது பையில என்ன எடை இருக்கும்னு கட்டத்துல போடணுமா? அத அப்படியே விட்டுடு. அத நான் நெனைக்கல, நீயும் கேக்காத.

எல்லாம் சரியா வந்துச்சா? முப்பத்தொண்ணாவது வரிச, பேக்கரி மாடி, புதன்கிழம காலை. அப்படின்னா ஒண்ணே ஒண்ணு பாக்கி. பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு என் முகத்தப் பாத்து, அம்மா இந்தக் காசு வீணாத்தான் போகப் போகுதுன்னு சொல்லுச்சு. கோவமாத்தான் சொல்லுச்சு. உனக்குக் கோவம் வரலன்னாலும் பரவால்ல, நீயும் அத ஒரு தடவ சொல்லிடு தம்பி. சொல்லிட்டு அமுக்கு.