பேர் சொல்லாமல் வந்த கிளாஸ்

அர்கிரிஸ்: இது நாற்காலியா? முதுகு சாயவே இடமில்லை.

கல்லியோபி: முக்காலி, மாமா. சாயற நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு. கொண்டாரட்டுமா?

அர்கிரிஸ்: வேண்டாம். நான் உக்கார வரல. பாக்க வந்தேன்.

கல்லியோபி: என்னத்தைப் பாக்க?

அர்கிரிஸ்: எல்லாத்தையும். உங்கப்பன் லூகாஸ் இங்கதான் வலை போட்டு வெச்சிருந்தான். உள்ள வந்தா கவிச்சை குடலைப் புரட்டும். இப்ப என்னமோ வாசனை வருது... என்ன அது?

கல்லியோபி: எலுமிச்சை.

அர்கிரிஸ்: எலுமிச்சை எனக்குத் தெரியாதா? அதோட இன்னொண்ணு.

கல்லியோபி: சொல்றேன். முதல்ல, உங்க சட்டைப் பையில என்ன அது துருத்திக்கிட்டு?

அர்கிரிஸ்: தாள்.

கல்லியோபி: என்ன தாள்?

அர்கிரிஸ்: உன் கடையை மூடச் சொல்லி மனு. ஒளிக்க என்ன இருக்கு? நீ கடையைத் திறக்கறதுக்கு முன்னாலயே எழுதினது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாச்சு. சுவரை ஒட்டின வீடு என்னோடது. நான் போட்டாத்தான் செல்லுமாம். நாளைக் காலைக் கப்பல்ல இந்தத் தாள் பெரிய தீவு ஆபீசுக்குப் போகணும்.

கல்லியோபி: ஓ... போட்டுட்டீங்களா?

அர்கிரிஸ்: பாக்காம நான் எதுலயும் போடறதில்லை. ஒருதடவை போட்டேன். பாதி ஆலிவ் தோப்பு போச்சு.

கல்லியோபி: அப்ப நல்லாப் பாருங்க. நான் என்ன ஒளிச்சா வெச்சிருக்கேன்?

அர்கிரிஸ்: எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இந்தா, இதைப் படி. கண்ணாடி எடுத்து வரல. எடுத்து வந்தாலும் எழுத்துக் கூட்டறதுக்குள்ள பொழுது போயிரும். யார் யாருன்னு உனக்கும் தெரியட்டும்.

கல்லியோபி: என் கடையை மூடற தாளை நானே படிக்கணுமா?

அர்கிரிஸ்: நீதானே படிச்ச பொண்ணு. ஏதென்ஸ்ல எட்டு வருஷம் இருந்தவ.

கல்லியோபி: சரி... காப்பிக் கடை ஸ்டாத்திஸ். அவர் முதல் ஆள்னு எனக்கே தெரியும். அடுத்தது அவர் பொண்டாட்டி. அப்புறம்... நாலாவது, பாதிரியார்.

அர்கிரிஸ்: மூணாவது எங்க போச்சு?

கல்லியோபி: புரியல, மாமா. கோழி கிண்டின மாதிரி இருக்கு.

அர்கிரிஸ்: ஆம்பளை எழுத்தா, பொம்பளை எழுத்தா?

கல்லியோபி: கோழி எழுத்து. விடுங்க. என்ன குடிக்கிறீங்க?

அர்கிரிஸ்: ஒண்ணும் வேண்டாம். உன் கையால குடிச்சுட்டு உனக்கு எதிரா கையெழுத்துப் போட்டா ஊர் என்ன சொல்லும்?

கல்லியோபி: அதுவும் சரிதான். இருங்க, எலுமிச்சை எடுத்துட்டு வரேன்.

அர்கிரிஸ்: எலுமிச்சை இந்தக் கூடையிலயே இருக்கே?

கல்லியோபி: அது... வேற எலுமிச்சை.

அர்கிரிஸ்: வேற எலுமிச்சை! ... ஏம்மா! அந்தக் கோரைப் பாய் எதுக்கு அங்க தொங்குது?

கல்லியோபி: காத்துக்கு, மாமா! ஆகஸ்ட் மாசக் காத்து மேஜையையே தூக்கிட்டுப் போகுதே!

அர்கிரிஸ்: காத்து வடக்கேருந்து அடிக்குது. பாய் மேற்குல தொங்குது.

கல்லியோபி: ...வந்துட்டேன். என்ன சொன்னீங்க?

அர்கிரிஸ்: ஒண்ணும் சொல்லல. எலுமிச்சை எங்க?

கல்லியோபி: தீந்துடுச்சு. மாமா, ஒரு விஷயம். உங்களுக்கு ஒரு கிளாஸ் வருது. ஒருத்தர் அனுப்பச் சொல்லியிருக்காங்க.

அர்கிரிஸ்: யாரு?

கல்லியோபி: பேர் சொல்ல வேண்டாம்னுட்டாங்க.

அர்கிரிஸ்: பொழுதே சாயல, கடையில ஈ காக்கா இல்லை. காத்தா அனுப்பிச்சு?

கல்லியோபி: அனுப்பினவங்க அனுப்பினாங்க. நான் ஊத்தறேன். அவ்வளவுதான்.

அர்கிரிஸ்: இதானே வேணாங்கறது! ஸ்டாத்திஸ் கடையில ஒருத்தன் ஒரு கிளாஸ் அனுப்பினா, அனுப்பின மேஜைப் பக்கம் திரும்பித் தூக்கிக் காட்டிட்டுக் குடிப்போம். குடிக்கலைன்னா அவன் மூஞ்சில துப்பின மாதிரி. ஆளே தெரியாம எந்தப் பக்கம் தூக்கறது?

கல்லியோபி: தெரியறவரைக்கும் தூக்காதீங்க. குடிங்க.

அர்கிரிஸ்: நீயே ஊத்திட்டு யாரோ குடுத்தாங்கன்னு கதை விடற. கையெழுத்துக்கு லஞ்சம்.

கல்லியோபி: எங்கப்பா செத்த கடல் மேல சத்தியமா இது நான் குடுக்கறது இல்லை.

அர்கிரிஸ்: ...சரி சரி. கடலை இழுக்காதே. ஊத்து. ஆனா நான் பாக்கறப்ப ஊத்து. என்ன அது?

கல்லியோபி: சூமா. நம்ம ஊர் அத்திப்பழச் சாராயம்தான்.

அர்கிரிஸ்: அது?

கல்லியோபி: தேன். நம்ம மலைத் தேன்.

அர்கிரிஸ்: நல்லா இருந்த சாராயத்துல தேன் எதுக்கு? இருமலா? சரி, அந்த உருளை எதுக்கு? பெயின்ட் டப்பா மாதிரி!

கல்லியோபி: குலுக்க. ஐஸ் போட்டுக் குலுக்கினாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும்.

அர்கிரிஸ்: ஐஸ் போட்டா தண்ணியாப் போகுமே.

கல்லியோபி: கொஞ்சம் போகணும். அதுதான் கணக்கு.

அர்கிரிஸ்: ஸ்டாத்திஸ் இதையே பண்ணா கையும் களவுமாப் பிடிச்சு உதைப்போம். நீ பண்ணா கணக்கு! ... ஏய், ஏய்! நிறுத்து! அது என்ன இலை?

கல்லியோபி: வாசிலிகோ.

அர்கிரிஸ்: அடிப்பாவி! பாதிரியார் தீர்த்தத்துல முக்கித் தெளிக்கிற இலை! சிலுவைத் திருநாளுக்குக் கோயில்லேருந்து கையில ஏந்திட்டு வர இலை! எங்க வீட்ல குழம்புல கூடப் போட மாட்டோம். அதைச் சாராயத்துல போட்டு நசுக்கறயே!

கல்லியோபி: வெளியூர்ல எல்லாரும் திங்கறாங்க, மாமா.

அர்கிரிஸ்: வெளியூர்ல நத்தையும் திங்கறான்.

கல்லியோபி: நீங்களும்தான் திங்கறீங்க. போன மழைக்கு ஒரு வாளி பொறுக்கிட்டுப் போனீங்களே.

அர்கிரிஸ்: ...நத்தை கோயில்ல இருக்கறதில்லை. குடு இப்படி. மோந்து பாத்துட்டுத் தரேன்.

கல்லியோபி: மோந்துட்டு?

அர்கிரிஸ்: இரு... ம்ம். இது உன் செடியோட இலை இல்லை.

கல்லியோபி: எப்படிச் சொல்றீங்க?

அர்கிரிஸ்: உன்னோடது பெரிய இலை, வாசல்ல பாத்தேன். கீரை மாதிரி. இது பொடி இலை. கிராம்பு வாசனை அடிக்குது. இந்த ஊர்ல இப்படி ஒரே செடிதான். என் வீட்டு முற்றத்துல, எண்ணெய் டின்ல.

கல்லியோபி: ...அப்படியா?

அர்கிரிஸ்: ஒரு மாசமா அந்தச் செடி மொட்டையாகிட்டே வருது. ஆடு மேயுதுன்னு கம்பி கட்டினேன். கம்பி அப்படியே இருக்கு, இலை போகுது. கத்திரியால வெட்டின மாதிரி. ஆடு கத்திரியா வெச்சிருக்கும்?

கல்லியோபி: குடிச்சுப் பாருங்களேன்.

அர்கிரிஸ்: பேச்சை மாத்தாதே... ம்.

கல்லியோபி: எப்படி இருக்கு?

அர்கிரிஸ்: பேசாம இரு.

கல்லியோபி: மாமா...

அர்கிரிஸ்: இரும்மா, தொண்டைல இறங்கட்டும். ... மோசமில்லை. இதுக்கு மேல கேக்காதே.

கல்லியோபி: கேக்கல.

அர்கிரிஸ்: நான் கேக்கறேன். சாயங்காலப் பூசை எத்தனை மணிக்கு?

கல்லியோபி: என்னைக் கேட்டா? ஆறு மணிக்கோ என்னவோ.

அர்கிரிஸ்: திங்கக்கிழமையிலேருந்து பூசையே இல்லை. பாதிரியார் பல்லு பிடுங்க பெரிய தீவுக்குப் போயிருக்கார். கோயில் பூட்டிக் கிடக்கு.

கல்லியோபி: சரி...

அர்கிரிஸ்: என் பொண்டாட்டி எவ்தொகியா தினம் அஞ்சரைக்குப் பூசைக்குன்னு கிளம்பறா. திங்கள் போனா. செவ்வாய் போனா. இன்னிக்கும் போனா. பூட்டின கோயில்ல எந்த சாமியைக் கும்பிடறா?

கல்லியோபி: நீங்க கேக்கலையா?

அர்கிரிஸ்: கேக்கலை. நாப்பத்தாறு வருஷமா என்னைத் திட்டாம அவளுக்குப் பொழுது விடிஞ்சதில்லை. செருப்பை அங்க விட்டேன், கதவை இங்க விட்டேன்னு. இப்ப ஒரு மாசமா சத்தமே இல்லை. பீன்ஸ்ல எண்ணெய் தாராளமா ஊத்தறா. பாத்திரம் கழுவறப்ப முணுமுணுன்னு பாடறா.

கல்லியோபி: நல்லதுதானே?

அர்கிரிஸ்: நல்லதுன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு. டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா? மெல்போர்ன்ல இருக்கற பொண்ணுகிட்ட ஒரேயடியாப் போகப் போறாளா? போறவங்கதான் கடைசில நல்லவங்களா நடந்துப்பாங்க.

கல்லியோபி: ஐயோ, அதெல்லாம் இல்லை, மாமா!

அர்கிரிஸ்: உனக்கெப்படித் தெரியும்?

கல்லியோபி: ...தெரியாது. சும்மா சொன்னேன்.

அர்கிரிஸ்: சும்மா!

கல்லியோபி: சரி. ஒண்ணு சொல்றேன். பேர் கேக்கக் கூடாது.

அர்கிரிஸ்: இந்தக் கடையில யாருக்குமே பேர் கிடையாதா?

கல்லியோபி: இங்க ஒரு அம்மா வராங்க. முதல் நாள் உள்ளயே வரல. படியில கூடையோட நின்னாங்க, ரொம்ப நேரம். தண்ணி வேணுமான்னு கேட்டேன். இல்லை, பொம்பளைங்க இங்க உக்காரலாமான்னு கேட்டாங்க.

அர்கிரிஸ்: நீ என்ன சொன்ன?

கல்லியோபி: உக்காருங்க, என்ன குடிக்கிறீங்கன்னேன். அதுக்குப் பதில் சொல்ல அவங்களுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. அப்படி ஒரு கேள்வியை அவங்ககிட்ட யாருமே கேட்டதில்லையாம்.

அர்கிரிஸ்: ஸ்டாத்திஸ் கடைக்குப் பொம்பளைங்க வர வழக்கம் இல்லை. நானா வெச்ச வழக்கம்?

கல்லியோபி: நான் உங்களைச் சொல்லல.

அர்கிரிஸ்: அறுபது அடி தூரம். என் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும். சாயங்காலமானா நான் அங்க தாயம் உருட்டிட்டு இருப்பேன். அவ... இவ்வளவு நாளும் அவ என்ன பண்ணிட்டு இருந்தான்னு எனக்கு... சரி, நீ சொல்லு. வந்து என்ன பண்றாங்க அந்த அம்மா?

கல்லியோபி: ஒண்ணும் பண்ணல. ஒரு கிளாஸ் குடிப்பாங்க. கடலைப் பாப்பாங்க. ஒரு மணி நேரம். போயிடுவாங்க. ரெண்டாம் நாள், உன் இலைல வாசனையே இல்லைன்னு திட்டிட்டு அவங்களே ஒரு கட்டு கொண்டாந்தாங்க.

அர்கிரிஸ்: அப்ப திட்டு இங்கதான் வருதா!

கல்லியோபி: தினம்!

அர்கிரிஸ்: அப்பாடா. உடம்பு நல்லாத்தான் இருக்கு.

கல்லியோபி: மாமா... அடியில ஒரு வாய் அப்படியே வெச்சிருக்கீங்களே? பிடிக்கலையா?

அர்கிரிஸ்: வேணும்னுதான் வெச்சிருக்கேன். தூக்கறதுக்கு.

கல்லியோபி: யார் பக்கம் தூக்குவீங்க? ஆள் தெரியாதுன்னீங்களே?

அர்கிரிஸ்: பாய் தரையைத் தொடல, பொண்ணே. ஒரு சாண் இடைவெளி. உள்ள வந்தப்பவே பாத்துட்டேன், கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி. இடது குதிகால்ல தூண்டில் நரம்பால தைச்சிருக்கு. தைச்சது நான்தான்.

கல்லியோபி: வந்தப்பவேவா! அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என்னைப் போட்டு வறுத்தீங்க?

அர்கிரிஸ்: வேற என்ன பண்றது? பொம்பளை உக்காந்திருக்கற மேஜைக்கு எப்படிப் போறதுன்னு எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? எங்க கடையில அந்த வழக்கமே இல்லையே. இந்தா, தூக்கிட்டேன்... நீ போய்க் கேளு. நானும் அங்க வந்து உக்காரலாமான்னு.

கல்லியோபி: நானா கேக்கணும்? அவங்களுக்கு எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கு!

எவ்தொகியா: இன்னிக்கு வேண்டாம், இன்னும் என் நேரம் முடியல. நாளைக்கு வாய்யா, கால் கழுவிட்டு வா... அந்தத் தாள்ல உன் பேரைப் போடாதே, மூணாவது பேரை அடிச்சுடு. அந்தக் கோழி நான்தான். எதை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்னு பாக்கத்தான் முதல் நாள் வந்தேன்.