பாஸுடைய வார்த்தை

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். எங்கள் தொழிற்சாலை இருக்கும் புத்தூர் பக்கம் இப்படிக் கிடைப்பதில்லை.

கேட்டதற்கு வருகிறேன். போன வருஷம், எண்பத்தாறில், எங்கள் அம்மோனியாத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொட்டியில் அழுத்தம் எல்லை மீறினால் அதுவே மணியடிக்கும், வால்வையும் திறந்துவிடும். அந்த எல்லையை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு.

மேனேஜர் சாரங்கபாணிக்கு ஆங்கிலம் அத்துப்படி. ஆகவே பாஸ்வேர்டு என்றால் பாஸுடைய வார்த்தை என்று அவரே கண்டுபிடித்தார். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "என் பேர்தான் அந்த வேர்டு. இனிமே மெஷினே எனக்குக் கட்டுப்பட்டது" என்றார். கைதட்டினார்கள். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டரின் நெற்றியில் அந்தப் பேரைச் சந்தனத்தால் எழுதிக் குங்குமமும் வைத்தார். கேன்டீன் காத்தான்வரை எல்லாருக்கும் மனப்பாடம்.

"மாத்திடலாம் சார். யாராவது விளையாடினா ஆள் செத்துடுவான்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரு முறையல்ல.

"என் வார்த்தையை மாத்தச் சொல்ல நீர் யாருங்காணும்?" என்றார்.

தொட்டி ஆபரேட்டர் லூர்துகூடச் சிரித்தார். "விடுங்க சார். உங்களுக்குத் தூக்கம் வரலேன்னா ஊரே முழிச்சிருக்கணுமா?"

தூக்கம் உண்மையிலேயே வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்டித்தானே புரியவைக்க முடியும்? போன வாரம் மேனேஜரின் பெயரை அடித்து, எல்லையை இரு மடங்காக்கினேன். அழுத்தம் ஏறியும் மணி அடிக்கவில்லை, வால்வும் திறக்கவில்லை. குழாய் வெடித்தபோது லூர்து பக்கத்தில் நின்றார். அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவருடைய ஷிப்ட்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி சகாயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் சார் அப்பவே சொன்னீங்க" என்று அழுதார். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லையைத்தான் பழையபடி வைக்கவில்லை. மேனேஜர் அனுமதியில்லாமல் அதைத் தொடுவது முறையல்ல. புதுக் குழாய் மாட்டி, இன்று காலை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.

போனில் அவர்தானா? நீங்கள் ரிசீவரை இவ்வளவு தள்ளிப் பிடித்தும் எனக்குக் கேட்கிறது.

"அழுத்த முள்ளு ஏறிண்டே போறது ஓய். கை வால்வும் திரும்பமாட்டேங்கறது. புது ஆபரேட்டர் கிளமென்ட் உள்ளே அதோட போராடிண்டிருக்கான். அந்த வார்த்தையைச் சொல்லும் ஓய், உம்ம காலைப் பிடிக்கறேன்."

பாவம், குரல் உடைந்துவிட்டது. ஆனாலும், இன்ஸ்பெக்டர், பாஸ்வேர்டைப் போனில் சொல்லக்கூடாது. அவரை நேரில் வரச் சொல்லுங்கள்.