செல்லுக்குப் போட்ட மாலை

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், "மதினி, எந்தம்பிய நானே மாலை போட்டுக் கொன்னுட்டேன்" என்றாள். கண்ணை மூடிக் கௌரவமாகத் தூங்கிக்கொண்டிருந்த எனக்குக் காது மட்டும் எழுந்து உட்கார்ந்தது.

"என்னடி சொல்ற?"

"புள்ளைக்குக் காது குத்தினோம்ல. தாய்மாமன் வெளிநாட்டுல. அங்க சண்டைன்னு பிளைட்ட நிப்பாட்டிட்டாக. வீடியோவுல கூப்புட்டு, செல்லைச் சேர்ல நிமுத்தி வச்சோம். தாய்மாமனுக்கு மொறை செய்யாம எப்படின்னு செல்லுக்கே மாலையப் போட்டேன்."

"ஐயையோ! செத்தவுக படத்துக்குப் போடுற மாதிரியா?"

"ஆத்தா பாத்துட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகுது. அவன் மாலைக்குள்ள இருந்து, 'ஆத்தா, நான் உசுரோடதான் இருக்கேன்'னு கத்துறான்."

மதினி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

"அன்னையிலருந்து ஆத்தாவுக்கு ஒறக்கமில்ல மதினி. அவன் சோறு திங்கிறதை வீடியோவுல பாத்தாத்தான் அதுவும் திங்கிது."

அப்போது அவள் செல் அடித்தது. திரையில் தம்பி.

"அக்கா, அந்த மாலை என்னாச்சு?"

"ஆத்தா கெணத்துல எறிஞ்சிருச்சு. நீ வாடா, கழுத்துல போடுறேன்."

"வாரேன்க்கா."

"எப்ப?"

அவன் பதிலைக் கேட்க, தூக்கத்தை மறந்து நானும் முன்னால் சாய்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, நான் இறங்க வேண்டிய பாலவனத்தம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.