பொத்தான் எந்தப் பக்கம்?

அரங்கத்தின் தலைவராய் அமர்ந்திருக்கும் என் அருமைப் பேராசிரியர் அவர்களே, நூலை வெளியிட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் நகராட்சி ஆணையர் அவர்களே, முதல் ஆளாய் வந்து மின்விசிறிக்குக் கீழே முன்வரிசையைப் பிடித்துவிட்ட மூத்தோர்களே, பிள்ளைகளை மடியில் அடக்கிப் பொறுமைக்குப் பொருள் சொல்லும் தாய்மார்களே, இடம் இல்லாமல் அல்ல, உட்காரச் சொல்ல ஆள் இல்லாமல் கதவோரமாய் நின்றுகொண்டிருக்கும் தையற்கடைத் தெருவின் தங்கங்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மீட்டர்காரனின் மாலை வணக்கம்.

பெற்றோர் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஊர் அதை ஏற்கவில்லை. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு வந்தவனை ஊர் வேறு எப்படி அழைக்கும்? இந்த நகரத்தில் நான் ஏறாத படி இல்லை, என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. அப்படிப்பட்ட எனக்கு இன்று ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். கனமான கேடயம். வாங்கிய உடனே மேசையில் வைத்துவிட்டேன். வயதென்று நினைத்திருப்பீர்கள். வயதில்லை.

எதற்குக் கேடயம்? பழைய புகைப்படங்களைப் பார்த்து, இது எந்த இடம், எந்தக் காலம் என்று கண்டுபிடித்ததற்கு. நாங்கள் எட்டுப் பேர். ஞாயிறுதோறும் நூலக மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு அபிப்பிராயம். ஜன்னலை எண்ணுவோம், கம்பியை எண்ணுவோம், சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சண்டை போடுவோம். ஒரே ஒரு விளக்குக் கம்பத்துக்காக மூன்று வாரம் பேசாமல் இருந்த இரண்டு நண்பர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். என் வீட்டுக்காரம்மா சொல்வாள்: "காலைல கழட்டி வச்ச மூக்குக்கண்ணாடி எங்கன்னு தெரியல. எம்பது வருஷத்துக்கு முந்தின தெருவக் கண்டுபிடிக்கப் போறாராம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது நூலுக்கு வருகிறேன். தொண்ணூறு படம். பளபளக்கும் தாள், பட்டுப் போன்ற அச்சு, பார்த்தால் பசி தீரும். தயவுசெய்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நடுவே உருண்டை மாடம் வைத்த மூன்றடுக்குக் கட்டடம். இன்றைக்கு வங்கி இருக்கிறதே, அதுதான். அதில் ஐயமில்லை. அதற்கு வலப்பக்கம் ஒரு வரிசை வீடும் கடையும், வாசலில் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடப்பக்கம் வெட்டவெளி. ஒரு வண்டி, ஒரு மாடு, மற்றபடி மண்.

வங்கிக்கு இடப்பக்கம் இன்று என்ன இருக்கிறது? தையற்கடைத் தெரு. இருபத்தாறு வீடு, கீழே கடை, மேலே குடித்தனம். ஆகவே எட்டு அறிவாளிகளும் ஒருமனதாக முடிவு செய்தோம்: எண்பது ஆண்டுக்கு முன் தையற்கடைத் தெரு இல்லை, அது பொதுவெளி. எழுதிக் கையெழுத்தும் போட்டோம். முதல் கையெழுத்து யாருடையது? கேடயம் வாங்கிய இந்தக் கைக்குரியது.

இதற்குள் ஒரு துண்டுச்சீட்டு வந்துவிட்டது. "சுருக்கமாக முடிக்கவும்." ஐயா, நாங்கள் ஒரு தெருவையே சுருக்கமாக முடித்தவர்கள். பேச்சை முடிக்க மாட்டோமா? கொஞ்சம் பொறுங்கள், வந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் சில சின்னச் சின்ன விசித்திரங்கள் இருந்தன. வண்டிக்காரர் சாட்டையை இடக்கையில் பிடித்திருந்தார். வாசலில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவரும் இடக்கையால் எழுதினார். சாமானியன் என்றால் சந்தேகப்படுவான். ஆய்வாளன் சந்தேகப்படுவானா? அவன் கண்டுபிடிப்பான். நான் கண்டுபிடித்தேன்: "அக்காலத்து நம் நகரத்தார் பெரும்பாலும் இடக்கைப் பழக்கம் உடையவர்கள்." எட்டுப் பேரும் கைதட்டினார்கள். எட்டில் நானும் ஒருவன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைப் பலகையில் இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. நமக்குத் தெரிந்த எந்த மொழியிலும் சேராத எழுத்து. உடனே நம் தலைவர், என் மதிப்புக்குரிய பேராசிரியர், பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். கடல் கடந்து வந்த வணிகர்கள் இங்கே கடை விரித்தார்களாம், அது அவர்களுடைய எழுத்தாம். அவர்கள் ஏறி வந்த கப்பலின் பெயர் ஒன்றுதான் பாக்கி. தலைவர் என்னை முறைக்கிறார். முறையுங்கள் ஐயா, உங்களுக்கு உரிமை உண்டு. இடக்கை என்னுடையது, கப்பல் உங்களுடையது, பழியில் பாதிப்பாதி.

நாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் நகராட்சிக்குப் போனது. நகராட்சியின் சுறுசுறுப்பை நாம் குறை சொல்லவே கூடாது. என் தெருவில் உடைந்த குழாய்க்கு நான் நான்கு வருடமாக மனு எழுதுகிறேன், இன்னும் ஈரம் காயவில்லை. இந்தக் காகிதத்துக்குப் பதினோரே நாளில் பலன் கிடைத்தது. இருபத்தாறு கதவிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். "புகைப்படச் சான்றின்படி இவ்விடம் பொதுவெளி. ஆக்கிரமிப்பாளர்கள் திங்கட்கிழமைக்குள் காலி செய்யவும்." பழைய பெருமையை மீட்கப் போகிறார்களாம். வெட்டவெளியை வெட்டவெளியாகவே ஆக்கி அதில் வாகனம் நிறுத்தப் போகிறார்களாம். எண்பது ஆண்டுக்கு முன் அங்கே நின்றது ஒரு வண்டியும் ஒரு மாடும். ஆக, வாகன நிறுத்தம் என்பது வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்துகிறது.

அந்த மக்கள் கையில் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடினார்கள். "பத்திரம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் பொய் சொல்லுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதுவும் நியாயம்தானே. படம் பொய் சொல்லாது. அதைப் பார்க்கிற கண்தான் சொல்லும்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். இந்த விழாவுக்கென்று நான் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். இப்போது போட்டிருக்கிறேனே, இதுதான். தைத்தவர் தையற்கடைத் தெருவின் தையற்கார அக்கா. என்னைவிட இளையவர். ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போன புதன்கிழமை சட்டையை வாங்கப் போனேன், கக்கத்தில் அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்த இந்த நூல். வெட்கமில்லாமல் போனேன். அவர் மேசையில் கத்தரிக்கோலுக்கு அடியில் அந்த அறிவிப்பு கிடந்தது.

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எங்க தெருவத் தூக்கின படம் இதுலதான் இருக்கா அண்ணே? குடுங்க. என்னத்தப் பாத்து எங்களப் போகச் சொல்றாங்கன்னு நானும் பாத்துக்கறேன்."

கொடுத்தேன். அவர் கட்டடத்தைப் பார்க்கவில்லை, மாடத்தைப் பார்க்கவில்லை, நாங்கள் மூன்று மாதம் எண்ணிய ஜன்னலில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வரிசையாக நின்ற பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராய் விரல் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சட்டையெல்லாம் யாரு தச்சது?"

"எம்பது வருஷத்துக்கு முந்தி தச்சவன நான் எங்கம்மா போய்த் தேடுவேன்?"

"தேட வேணாம் அண்ணே. இங்க பாருங்க. ஆம்பளச் சட்டைக்குப் பை இடது நெஞ்சுல வரும். இதுல வலதுல இருக்கு. காஜா இடப்பக்கம், பொத்தான் வலப்பக்கம். அதானே ஆம்பளைக்கு? இதுல மாறிக் கிடக்கு. ஒருத்தருக்குன்னா தைச்சவன் தூக்கக் கலக்கத்துல தப்பு பண்ணிட்டான்னு விட்டுடலாம். பன்னெண்டு பேருக்குமா மாத்தித் தைப்பான்?"

எழுந்து போனார். அளவு பார்க்கிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் இந்த நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துப் பிடித்தார். "இப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கண்ணாடிக்குள் பை இடது நெஞ்சுக்குப் போய்விட்டது. சாட்டை வலக்கைக்கு வந்துவிட்டது. எழுதுகிறவர் நம்மைப் போலவே எழுதினார். கடல் கடந்து வந்த அந்த எழுத்து இருக்கிறதே, பதினெட்டுப் பக்கக் கட்டுரை கண்ட எழுத்து, அது "தைய" என்று சுத்தமான தமிழில் நின்றது. மிச்ச எழுத்தை அந்தக் கடையின் கூரை மறைத்திருந்தது. எண்பது ஆண்டுக்கு முந்தைய தையற்கடை. வங்கிக்கு இடப்பக்கம்.

எப்படி நேர்ந்தது இந்த இடவல மாற்றம்? மூலப்படம் ஒரு கண்ணாடித் தகடு, அந்தக் காலத்து நெகட்டிவ். பழைய ஸ்டூடியோக்காரரின் மகளிடம் ஓடினேன். அந்தப் பெண் ஒரே கேள்வி கேட்டது. "தகட்ட ஸ்கேன் மெஷின்ல எப்படி வச்சீங்க சார்? பளபளன்னு இருக்கற பக்கம் கீழயா, மேலயா?" மேலே என்றேன். மங்கலான பக்கம் பார்க்க நன்றாக இல்லையே என்று பளபளப்பை மேலே வைத்தேன். "போச்சு. படம் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பியிருக்கும்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. வைத்தவன் நான். படத்தைத் திருப்பியவனும் நானே, திரும்பிய படத்தில் இடக்கை இனத்தைக் கண்டுபிடித்தவனும் நானே. வங்கிக் கட்டடம் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருந்ததால் அதுவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தத் தெருவில் மாதந்தோறும் ஏறி இறங்கியிருக்கிறேன். அங்கே நிற்கும் சுவர்களின் வயது என் கைக்குத் தெரியும். என் கையை நம்பாமல் காகிதத்தை நம்பினேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது ஒரு சின்னக் கணக்கு. படம் திரும்பினால் வீட்டு வரிசை இடப்பக்கம் போகிறது. சரி, வெட்டவெளி எங்கே போகிறது? வலப்பக்கம். வங்கிக்கு வலப்பக்கம் இன்று என்ன இருக்கிறது?

யாரோ சொல்லிவிட்டார்கள். உரக்கச் சொல்லுங்கள், ஆணையருக்குக் கேட்கட்டும். ஆம். நகராட்சி அலுவலகமும் அதை ஒட்டிய இந்த மண்டபமும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, நான் நிற்கும் மேடை, ஆணையர் சாய்ந்திருக்கும் திண்டு, அத்தனையும் பொதுவெளி. புகைப்படச் சான்றின்படி நாமெல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள். வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி பயிரை மேய்ந்துவிட்டுப் பயிர் மீதே வழக்கும் போட்டிருக்கிறது.

ஆணையர் அவர்களே, இந்தாருங்கள் அந்தக் கண்ணாடித் தகடு. பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கட்டும், விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். கருப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கருப்பாகவும் தெரியும், அதைப் பொருட்படுத்தாதீர்கள், அலுவலகத்தில் உங்களுக்குப் பழக்கம்தான். வீடுகள் எந்தப் பக்கம்? சபைக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் மனத்துக்குச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை இந்த மண்டபத்தை இடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு படத்தைக் காட்டி யார் வீட்டையும் இடிக்காதீர்கள் என்று கேட்கிறேன். இது என் கடிதம். முன்பு போட்ட கையெழுத்து தவறு, தவறு என்னுடையது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். கேடயத்தையும் கூடவே வைக்கிறேன். கடிதம் பறக்காமல் இருக்க உதவும்.

வாங்கிக்கொண்டார். என்ன சொல்கிறார்? "பரிசீலிக்கிறேன்." நல்லது. உங்கள் பரிசீலனையின் வயதை என் தெருக்குழாய் அறியும். அதனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அக்காவின் கடைவாசலில் நான் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். இடிக்கிற இயந்திரம் வந்தால் முதலில் என்னிடம் பேசட்டும். எனக்கு அறுபத்து மூன்று வயது. இந்த வயதில் ஓடமுடியாது என்பது ஒரு வசதி.

தலைவர் அவர்களே, எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? முழங்கால் வலியோடு எதற்கு இந்தப் பக்கம்? ஒலிவாங்கி வேண்டுமா? ஓ, பேனாவா. கடிதத்தில் என் கையெழுத்துக்குக் கீழே இடமிருக்கிறது ஐயா. போடுங்கள்.

சபையோர்களே, தலைவர் என் காதில் ஒன்று சொல்கிறார். அவர் பதினெட்டுப் பக்கம் எழுதுபவர், ஆனால் இதை ஐந்தே சொல்லில் முடித்துவிட்டார்: "எனக்கும் ஒரு நாற்காலி சேத்துப் போடுங்க."

கதவோரம் நிற்கும் தையற்கடைத் தெரு அம்மா, கண்ணைத் துடைக்காதீர்கள். உள்ளே வாருங்கள். முன்வரிசையில் இடம் கேளுங்கள், நாற்காலி நகராட்சியுடையதானாலும் தரை உங்களுடையது.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. எட்டுப் பூதக்கண்ணாடி பார்க்காததைப் பார்த்த அந்தத் தையற்கார அக்காவின் கண்களுக்கு என் வணக்கம்.