கலுங்குச் சுவரில் ஒரு கல்

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, சார். பின்னால் பைக்கில் வருகிறவன் என்ன பாவம் செய்தான்? இருபத்தாறு வருஷமாக இந்த மலையில் பட்டறை வைத்திருக்கிறேன். வழியில் நின்ற வண்டியைச் சரிசெய்தால், கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் கை கழுவுவேன். ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகிற கலுங்கு, அதன் சுவர் மேல் அந்தக் கல்லை வைத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சுருளிவேல் போன் செய்தான். ஏலத்தோட்டத்துக்கு உரமேற்றிப் போன அவனுடைய பழைய பிக்கப் நாலாவது வளைவு ஏற்றத்தில் நின்றுவிட்டது. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டில் மூட்டு உடைந்திருந்தது. புது மூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த ஷாஃப்டை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுருளிவேல் ஓட்டிப் போனபோது இறக்கத்தில் அதன் முன்முனை கழன்று ரோட்டில் குத்தி வண்டி கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ராமலட்சுமி அங்கேயே போய்விட்டாள். முந்தின நாள் அதை மாட்டியது நான். நாலு போல்ட்டில் இரண்டைக் கையால் திருகிவிட்டு, சாப்பிட்டு வந்து முறுக்கலாம் என்று போனேன். வந்தபின் மறந்துவிட்டேன். மறதி யாருக்குத்தான் இல்லை? விசாரித்தவர்களிடம் ‘வேகம்’ என்று ஒரே ஒரு சொல் சொன்னேன். சுருளிவேலும் தலையாட்டினான். அவன் அழுததைப் பார்க்க எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. கவிழ்ந்த வண்டியை நானே நிமிர்த்திச் சரிசெய்து கொடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அப்படியொன்றும் இல்லை, நன்றாகவே தூங்கினேன்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் சேர்கிற இரண்டு பக்கமும் குறி போடுவது வழக்கம். மாட்டும்போது குறியோடு குறி சேராவிட்டால் ஓட்டத்தில் வண்டி உதறும். என் குறி உளியால் இரண்டு கீறல். அன்று அடியில் படுத்துப் பார்த்தால், என் கீறலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி குத்தியிருந்தது. வேறு எவனோ கழற்றியிருக்கிறான். சுருளிவேல் என்னிடம் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வேறு மெக்கானிக் இருக்கும்போது என்னை ஏன் கூப்பிட்டான்? எப்போதும் வண்டிக்குள் போடுகிற போனை ஏன் சட்டைப் பையில் வைத்திருக்கிறான்? நான் பேசுவதைப் பதிவு செய்கிறானோ? ஸ்பேனரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல், “வேல முடியட்டும்ணே, ஒங்ககிட்ட ஒரு காரியம் பேசணும்” என்றான். ஆறு தோட்டத்து வண்டிகள் என் கையை நம்பித்தான் ஆள் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகின்றன. அந்தப் பேர் போய்விட்டால் பாண்டித்துரை என்கிற மனிதனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

மூட்டை மாற்றி, பின்பக்க போல்ட்டுகளை முறுக்கினேன். முன்பக்கம் பாக்கி. அப்போது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற குருவம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். அவள் காதில் விழுகிற மாதிரி, “கியர்ல போட்டிருக்கேல்ல? ஹேண்ட் பிரேக் இழுத்துட்டியா?” என்று கேட்டேன்.

“எல்லாம் பண்ணியாச்சுண்ணே” என்றான்.

அது உண்மை. குருவம்மாளும் உங்களிடம் அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பழைய மாதிரி வண்டியில் கியரும் ஹேண்ட் பிரேக்கும் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். ஷாஃப்ட் கழன்று கிடந்தால் இரண்டும் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வண்டியைப் பிடித்திருந்தது பின்சக்கரத்துக் கல் மட்டுமே. சுருளிவேலுக்கும் இது தெரியும். கல்லை வைத்தது நான் என்பதால் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறி சேருகிறதா என்று பார்க்க வேண்டும், முன்முனையைத் தூக்கிப் பிடி என்றேன். கால் வெளியே நீட்டியபடி குறுக்கே படுத்துப் பிடித்துக்கொண்டான். அங்கிருந்தபடியே பேசினான்.

“அண்ணே, பேசணும்னேன்ல. ராமலட்சுமி போனதுலருந்து மனசு கெடந்து அடிச்சுக்கிருதுண்ணே. ஒங்க மேலயே ஒரு சம்சயம் வந்துருச்சு. போன மாசம் வேதமுத்து பட்டறையில கழத்திக் காட்டுனேன். ஒங்க வேல சுத்தம்னுட்டாரு. தப்பு எம்மேலதான். பெரிய மனசு பண்ணி என்னைய மன்னிச்சிருங்கண்ணே.”

வேதமுத்து பார்த்தது, ராமலட்சுமி செத்த பிறகு நான் முறுக்கிய போல்ட்டுகளை.

அதோடு விட்டிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்தேன், சார். ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்று யோசித்தேன். சந்தேகம் கரையான் மாதிரி, ஒரு தடவை மருந்தடித்தால் போகாது. இன்றைக்கு வேதமுத்து, நாளைக்கு இன்னொருவன். எவனாவது ஒருவன் கண்டுபிடிப்பான். எனக்குப் பயமாக இருந்தது. ஜாக்கி லிவரைக் கொடுத்துக் கல்லை நெம்பினேன். வண்டி பின்னால் நகர்ந்தது. முன்சக்கரம் ஒன்றுதான் அவன் மேல் ஏறியது, உயிர் போக அதுவே போதும். வண்டி திரும்பி மண்திட்டில் முட்டி நின்றது. கல் நடுரோட்டில் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஆள் கூப்பிட்டேன். தானாக உருண்ட வண்டி என்றால் கல் எப்படிச் சுவர் மேல் ஏறும் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

அவன் மேல் எனக்குக் கோபம் என்று எதுவும் கிடையாது. இருபத்தாறு வருஷத் தொழில்காரனைச் சந்தேகப்பட்டது தப்புதான். ஆனாலும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டான் இல்லையா? லிவரைக் கையில் எடுக்கும்போதே நான் அவனை மன்னித்துவிட்டேன், சார். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.